கார்டிசால் மிகும்போது: ஏரியூரிலிருந்து நோயறியும் வழி

முப்பது வயதைத் தாண்டியதும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் அடுத்தடுத்து வருகின்றன. முகம் வட்டமாக உப்புகிறது. வயிறு பெருக்கிறது, கை கால்கள் மட்டும் மெலிகின்றன. மாதவிலக்கு தப்புகிறது. நிலக்கடலைக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துவிட்டு எழும்போது, தரையில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், மாதவிலக்குக்கு ஒருவர், இடுப்புவலிக்கு ஒருவர், தூக்கமின்மைக்கு இன்னொருவர். நால்வரும் தத்தம் பங்குக்குச் சரியாகவே மருந்து எழுதுகிறார்கள். எல்லாம் ஒரே நோயாக இருக்குமோ என்று கேட்க ஆளில்லாமல் ஆண்டுகள் போகின்றன.

இது ஒருவரின் கதை அல்ல. உடலில் கார்டிசால் என்னும் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதால் வரும் குஷிங் நோய் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, 5,367 நோயாளிகளை வைத்து 2020-இல் வெளியான கணக்குப்படி, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாவதற்குச் சராசரியாக 34 மாதங்கள் ஆகின்றன. அவர்கள் எல்லாரும் கடைசியில் சரியான மருத்துவமனையை வந்தடைந்தவர்கள். வந்தடையாமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

தருமபுரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய ஒன்றியம் ஏரியூர். நாகமரையில் பரிசலோ படகோ ஏறினால் அக்கரையில் சேலம் மாவட்டம். மானாவாரி நிலம், கடலை, கேழ்வரகு, மீன்பிடிப்பு, மற்ற மாதங்களில் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போவது என்று வாழும் ஊர்கள். இப்படியொரு இடத்தில் அரிய ஹார்மோன் நோயைக் கண்டறிய என்ன செய்ய வேண்டும், அதில் எவ்வளவு உள்ளூரிலேயே முடியும், எந்தக் கட்டத்தில் வெளியூர் போயே ஆகவேண்டும் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. என் கணிப்பு இது: முதல் சோதனை ஏரியூரிலேயே நடக்கக்கூடியது. நம்மிடம் குறைவாக இருப்பது கருவி அல்ல. எதற்குப் பிறகு எது என்ற வரிசையைப் பற்றிய தெளிவு.

கார்டிசால் கெட்ட பொருள் அல்ல. சிறுநீரகங்களின் தலைமேல் அமர்ந்திருக்கும், ஒவ்வொன்றும் ஐந்து கிராம்கூடத் தேறாத அட்ரீனல் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி ஆகியவற்றைத் தாங்கும் வலிமை உடலுக்கு அதனால்தான் வருகிறது. மூளையின் அடியில் கடலைப்பருப்பு அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரீனலை ஏவுகிறது. கார்டிசால் போதுமான அளவு வந்ததும் அந்த ஏவலை நிறுத்திக்கொள்கிறது. விடியற்காலையில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கமும் நிறுத்தும் ஏற்பாடும் குலைவதுதான் நோய். சோதனைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. எனவே, பகலில் ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்து ‘கார்டிசால் கொஞ்சம் அதிகம்’ என்று தரும் முடிவை வைத்து இந்த நோயை உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதையும் சேர்த்து விற்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்த நிலையை 1912-இல் பதிவு செய்தார். 1932-இல் அதன் வேர் பிட்யூட்டரியில் வளரும் சிறு கட்டி என்று விரிவாக எழுதினார். 1950-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு, கார்டிசோனைப் பிரித்தெடுத்து மூட்டுவாதத்துக்குப் பயன்படுத்திய கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் போனது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். விரைவிலேயே அவர்களில் பலருக்கு, குஷிங் விவரித்த அதே வட்ட முகமும் மெலிந்த தோலும் வந்தன. இந்த அடையாளங்களுக்கு மிகப் பொதுவான காரணம் அன்றுமுதல் இன்றுவரை மாறவில்லை: வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஸ்டீராய்டு மருந்து.

எனவே முதல் சோதனைக்கு ஊசியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். ஒரு கேள்வி போதும்: ‘கடந்த ஓராண்டில் நீங்கள் சாப்பிட்டது, போட்டுக்கொண்டது, பூசிக்கொண்டது, உறிஞ்சியது எல்லாம் என்னென்ன?’ இந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்பது தருமபுரியில் மற்ற இடங்களைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். காரணம், மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல காலமாக இருக்கும் ஃபுளோரைடு. பல் கறைபடுவதோடு அது நிற்பதில்லை. எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, ஓயாத வலி தருகிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்களின் எலும்பில் ஏறியது அப்படியே இருக்கிறது. வலி இருக்கும் இடத்தில் வலி ஊசி இருக்கும். ‘ஒரே ஊசியில் நிக்குது’ என்று பெயர் வாங்கிய பல ஊசிகளிலும், பெயர் எழுதாத தாளில் மடித்துத் தரும் பல மாத்திரைகளிலும் இருப்பது டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுதான். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் விற்கப்படும் நாட்டுமருந்துப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒல்லியான பெண்ணுக்கு ‘உடம்பு தேற’ என்று தரப்படும் மாத்திரைகள், முகம் வெளுக்கப் பூசும் களிம்புகள், படர்தாமரைக்கு மாதக்கணக்கில் தேய்க்கும் மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடைகளில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வாசகருக்கே தெரியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டீராய்டுதான் காரணம் என்று தெரிந்ததும் பதறிப்போய் மருந்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பல வாரங்கள் வெளியிலிருந்து வந்த மருந்தைக் கண்டு சொந்த அட்ரீனல் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டாவது எச்சரிக்கை எலும்பைப் பற்றியது. ஃபுளோரைடு எலும்பின் அடர்த்தியைக் கூட்டும். கார்டிசால் எலும்பை அரிக்கும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால், எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், ஆனால் முதுகெலும்பு உடைந்திருக்கலாம். தருமபுரியில் ஒருவர் முதுகுவலி என்று வரும்போது ‘தண்ணியால வந்தது’ என்ற பதில் எளிதாகக் கிடைக்கிறது. உயரம் குறைந்திருக்கிறதா, லேசான இடிக்கே விலா எலும்பு முறிந்ததா என்று கூடவே கேட்க வேண்டும்.

வெளி மருந்து எதுவும் இல்லை என்று உறுதியானால்தான் உடலுக்குள் தேட வேண்டும். உடலே கார்டிசாலை மிகையாகச் சுரக்கும் நிலை மிக அரிது. பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவில்தான் பழைய கணிப்புகள் சொல்கின்றன. அதற்கு நேர்மாறாகச் சர்க்கரை, பருமன், இரத்தக்கொதிப்பு ஆகியவை வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஆகவே குண்டாக இருப்பவர் எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2008 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ஆய்வகத்தில் செய்யும் முதல் சோதனையில் நோயில்லாதவர்களிலேயே நூற்றுக்கு இருபது பேர்வரை வரம்பைத் தாண்டக்கூடும். அரிய நோயைத் தேடி ஊர் முழுவதையும் சோதித்தால், உண்மையான நோயாளி ஒருவர் கிடைப்பதற்குள் ஆயிரக்கணக்கானவர்களைக் காரணமில்லாமல் கலங்கடித்திருப்போம்.

யாரைச் சந்தேகிப்பது? அந்த வயதுக்கு வரக் கூடாதது வந்தவரை: இருபத்தைந்து வயதில் இரத்தக்கொதிப்பு, முப்பதில் எலும்பு முறிவு. எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்ட பிள்ளையை. சாதாரணப் பருமனையும் இந்த நோயையும் பிரித்துக்காட்டும் அடையாளங்கள் சிலவே: லேசாகப் பட்டாலே தோல் கன்றிப்போவது, காகிதம்போல் மெலிந்த தோல், தொடை தோள் தசைகளின் பலவீனம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான செவ்வூதாக் கோடுகள். பாடநூல்களின் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் கருத்த, மாநிறத் தோலில் முகச் சிவப்பு தெரியாது. கோடுகளின் ஊதா நிறமும் மங்கித்தான் இருக்கும். அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். தசை பலவீனத்தை அறிய நம் வாழ்க்கையே போதிய சோதனை வைத்திருக்கிறது: குந்தியிருந்து எழுவது, குடத்தை இடுப்புக்கு ஏற்றுவது, பரண்மேல் பொருள் வைப்பது. இவற்றில் எது எந்த மாதத்திலிருந்து முடியாமல் போனது என்று நோயாளியால் சொல்ல முடியும். பழைய புகைப்படமும் உதவும். மூன்றாண்டுக்கு முந்தைய ஆதார் அட்டைப் படத்தோடு இப்போதைய முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது, சிறப்பு மருத்துவர்களே கைக்கொள்ளும் முறை.

2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் தன்னார்வலர் இன்று வீட்டு வாசலுக்கே வருகிறார். கார்டிசால் மிகுந்த ஒருவரை மருத்துவத் துறையில் முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார். நாற்பது வயதுக்குள் இரண்டும் சேர்ந்து ஏறி, கூடவே தோல் கன்றுதலோ எழ முடியாமையோ இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை அவர் பயிற்சியில் சேர்க்கச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது சோதனை. பரிந்துரைக்கப்படுபவை மூன்று. ஊர்ப்புறத்துக்கு மிகவும் ஏற்றது ஒரு மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் சோதனை. இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டை விழுங்க வேண்டும். மறுநாள் காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான பிட்யூட்டரி அந்த மாத்திரையைக் கண்டு ஏவலை நிறுத்தும். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் மேலே பார்க்க வேண்டும். மாத்திரை மிக மலிவானது. தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவைப் பார்க்கும் இயந்திரங்களிலேயே, அதற்குரிய வேதிப்பொருள் இருந்தால், கார்டிசாலையும் பார்க்கலாம். பிரித்தெடுத்த சீரத்தில் கார்டிசால் எளிதில் சிதையாது; உள்ளூரில் எடுத்த இரத்தம் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர அவகாசம் உண்டு. நேரம் தவறாமைதான் இதில் உயிர்நாடி. ஏரியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து தருமபுரி போய், வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு இரத்தம் கொடுத்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஆகவே இரத்தம் எடுப்பது உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பென்னாகரம் அரசு மருத்துவமனையிலோ நடக்க வேண்டும். பயணம் போக வேண்டியது குழாய்தான், நோயாளி அல்ல.

இரண்டாவது, 24 மணி நேரச் சிறுநீர். முதல் நாள் காலைச் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன்பின் ஒரு துளி விடாமல், மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை சேகரித்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். இதையும் குறைந்தது இரண்டு முறை செய்ய வேண்டும். தாளில் இது எளிது. கூலி வேலைக்குப் போகும் பெண் கொல்லைக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போவாளா? வீட்டில் கழிப்பறையோ குளிர்பெட்டியோ இல்லாதவர் எங்கே வைப்பார்? இரண்டு முறை தவறவிட்டாலே அளவு குறைந்து, நோய் இல்லை என்று பொய்யான முடிவு வரும். என் எண்ணத்தில், இதை வீட்டில் செய்யச் சொல்வதைவிட மருத்துவமனையில் ஒரு நாள் தங்கவைத்துச் செய்வதே நேர்மையான ஏற்பாடு. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மூன்றாவது, நள்ளிரவு எச்சில். பஞ்சு உருளையைச் சில நிமிடம் வாயில் அடக்கி, குழாயில் போட்டு மூடினால் போதும். எச்சிலில் கார்டிசால் சில நாட்கள்வரை கெடாது, ஊசியும் இல்லை. தொலைவூருக்கு இதைவிட ஏற்றது இல்லை என்றாலும், இதைச் செய்யும் ஆய்வகங்கள் சில பெருநகரங்களில்தான் உள்ளன. செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை உண்டு. புகையிலை போடுபவருக்கும், தொண்டைக்கு இதமாக அதிமதுரம் மெல்லுபவருக்கும் அளவு பொய்யாக ஏறும். ஈறில் இரத்தம் கசிந்தாலும் அப்படியே. இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ஓசூர், திருப்பூர்த் தொழிலாளிக்கு நள்ளிரவு என்பது நள்ளிரவே அல்ல. அவருக்கு இந்தச் சோதனை கூடாது.

இவற்றில் ஒன்று வரம்பு மீறி வந்தாலும் நோய் முடிவாகிவிடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசிபைன் மருந்துகள் டெக்சாமெத்தசோனைக் கல்லீரலில் விரைவாகக் கழித்துவிடும். மாத்திரை வேலை செய்யாமலே கார்டிசால் உயர்ந்து தெரியும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் அளவைக் கூட்டிக் காட்டும்; ஆறு வாரம் நிறுத்திவிட்டுச் சோதிப்பது வழக்கம். குடிப்பழக்கம், கடும் மனச்சோர்வு, கட்டுக்குள் வராத சர்க்கரை, கர்ப்பம் ஆகியவற்றிலும் கார்டிசால் உண்மையாகவே கூடும், ஆனால் கட்டி இருக்காது. முடிக்காக வாங்கும் பயோட்டின் மாத்திரை சில இயந்திரங்களின் கணக்கையே குழப்பிவிடும். அதனால்தான் இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். மருத்துவர் ‘இன்னொரு முறை பார்ப்போம்’ என்றால் அலைக்கழிக்கிறார் என்று பொருள் கொள்ள வேண்டாம். சில நோயாளிகளுக்குக் கார்டிசால் சில வாரம் ஏறி, சில வாரம் அடங்கும். அவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மிகை உறுதியானபின் வரும் கேள்வி: எங்கிருந்து? இங்கே மீறக் கூடாத வரிசை ஒன்று உண்டு. முதலில் இரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவு, பிறகுதான் ஸ்கேன். ஏ.சி.டி.எச். அடங்கிக் கிடந்தால் கோளாறு அட்ரீனலில். அப்போது வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன். அடங்காமல் இருந்தால் பிட்யூட்டரியிலோ, அரிதாக நுரையீரல் போன்ற வேறிடத்தில் ஒளிந்திருக்கும் கட்டியிலோ. உடலுக்குள்ளிருந்து வரும் நோயில் பத்துக்கு ஏழு பிட்யூட்டரியைச் சேர்ந்தவை. ஏ.சி.டி.எச். மென்மையான பொருள்: எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, விரைவில் குளிர் மையவிலக்கில் பிரிக்காவிட்டால் சிதைந்து குறைவாகத் தெரியும். பிட்யூட்டரி நோயாளிக்கு அட்ரீனலில் பிழை என்று காட்டிவிடும். ஆகவே இந்தக் குழாயைப் பயணம் அனுப்பக் கூடாது. இந்தக் கட்டத்தில் நோயாளிதான் பயணிக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு முந்துவதால் வரும் கேடு பெரிது. எந்த நோயும் இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சிறு புள்ளி தெரியும். மறுபுறம், உண்மையான நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஸ்கேனில் எதுவுமே தெரியாது. கட்டி சில மில்லிமீட்டர்தான். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற வார்த்தையோடு நோயாளியைத் திருப்பி அனுப்புவதும், எதற்கும் காரணமில்லாத புள்ளியை நோக்கிக் கத்தியை எடுப்பதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐயமில்லை. ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ தெரியவே இல்லை என்றாலோ, தொடையின் சிரைகள் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து வடியும் இரத்தத்தை இருபுறமும் எடுத்து, கையில் எடுத்த இரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். அங்கே ஏ.சி.டி.எச். குறைந்தது இரு மடங்கு, தூண்டும் மருந்து தந்தபின் மூன்று மடங்கு இருந்தால் ஊற்று பிட்யூட்டரி. கைதேர்ந்தவர்கள் உள்ள சில மருத்துவமனைகளில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

நமக்கு எட்டும் தொலைவில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. ஹார்மோன் நோய்களுக்கென்று தனித்துறையும் பிட்யூட்டரி அறுவையில் நீண்ட அனுபவமும் உள்ள இடங்களில் வேலூர் சி.எம்.சி. முக்கியமானது, சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அந்தத் துறை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை வழி இருக்கிறது. எந்தச் சோதனை, எந்த அறுவை அதில் அடங்கும் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மூக்கு வழியாகச் செய்யும் பிட்யூட்டரி அறுவையில், சிறு கட்டிகளுக்கு, பழகிய கைகளில் பத்தில் ஏழெட்டுப் பேர் குணமடைகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் வெளியான ஒரு கணக்கில், பயனுள்ள சிகிச்சை இல்லாத அந்நாளைய நோயாளிகளில் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தார்கள். குணமடைந்த பிறகும் பல மாதம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தேவைப்படும்; நோய் ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம் என்பதால் ஆண்டுதோறும் சோதனை வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் வீட்டார் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். ‘உட்கார்ந்து தின்று ஊதிவிட்டாள்’, ‘எதற்கெடுத்தாலும் அழுகிறாள்’, ‘முகத்தில் மீசை முளைக்கிறது’ என்ற பேச்சுகள் நோயைவிட ஆழமாகக் காயப்படுத்துகின்றன. தூக்கமின்மை, எரிச்சல், துயரம் மூன்றும் இந்த ஹார்மோன் மூளையில் செய்யும் வேலை. அவள் குணம் கெட்டுவிடவில்லை. பிட்யூட்டரி வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம் வருகிறது. நம் வீடுகளில் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்படுபவர்களும் அவர்கள்தான்.

மாவட்டச் சுகாதாரத் துறை செய்ய வேண்டியது பெரிய முதலீடு அல்ல. டெக்சாமெத்தசோன் அரை மில்லிகிராம் மாத்திரை, காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுக்க ஒரு செவிலியர், மாவட்ட ஆய்வகத்தில் கார்டிசாலுக்கான வேதிப்பொருள், முடிவு உயர்ந்தால் எங்கே அனுப்புவது என்று எழுதிய ஒரு தாள்: இவை ஏரியூர் போன்ற ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் கிடைக்க வேண்டும். வாசகர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள், களிம்பு டியூப்கள், பொடிப் பொட்டலங்கள், பழைய சீட்டுகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?’ என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள்.